சொல்லுக்குள் ஒளிந்த எண்

திருவனந்தபுரத்தின் கரமனை அக்ரகாரத்தில் பாட்டுக் கற்பிக்கும் மூதாட்டி ஒருவர், தம்மிடம் சனிக்கிழமைதோறும் வந்துபோகும் ஆய்வு மாணவிக்கு ஒருநாள் ஒரு கணக்குப் போட்டார். “நாராயணீயம் ஆயுராரோக்கிய சௌக்கியம்னு முடியறது, தெரியுமோல்லியோ? அதை எழுதி முடிச்ச நாள் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கு. எடுத்துச் சொல்லு பார்ப்போம், கொழந்தே.”

மாணவி நாகர்கோவில்காரர். காரியவட்டம் வளாகத்தில் மொழியியல் ஆய்வு செய்கிறார். வடசொற்கள் தமிழில் நுழையும்போது அடையும் ஒலிமாற்றங்களே அவருடைய ஆய்வுப்பொருள். ஆகவே கணக்கின் சூத்திரம் அவருக்குப் புதிதன்று. கடபயாதி என்று வடமொழியிலும் பரல்பேர் என்று மலையாளத்திலும் வழங்கும் எண்முறை அது. மெய்யெழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம் உண்டு.

கவர்க்கம்: நான்கு ஒலிகளுக்கும் முறையே 1, 2, 3, 4, ஙகரத்துக்கு 5
சவர்க்கம்: 6, 7, 8, 9, ஞகரத்துக்கு 0
டவர்க்கம்: 1, 2, 3, 4, ணகரத்துக்கு 5
தவர்க்கம்: 6, 7, 8, 9, நகரத்துக்கு 0
பவர்க்கம்: 1, 2, 3, 4, மகரத்துக்கு 5
ய 1, ர 2, ல 3, வ 4, ஶ 5, ஷ 6, ஸ 7, ஹ 8, ள 9

ஒன்று என்னும் மதிப்புடைய க, ட, ப, ய ஆகிய நான்கையும் சேர்த்தே கடபயாதி என்ற பெயர் அமைந்தது. தனித்து நிற்கும் உயிருக்கு மதிப்பு சுழி. மெய்யோடு சேர்ந்த உயிர் எதுவாயினும் எண் மாறாது. கூட்டெழுத்தில் உயிரேறிய கடைசி மெய் மட்டுமே கணக்கில் வரும். சொல்லின் இறுதியில் நிற்கும் ஒற்றுக்கு மதிப்பில்லை. கிடைத்த இலக்கங்களை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். அவ்வளவே விதிகள். கேரள வானியலில் இம்முறை பழமையானது, கி.பி. 683ஐ ஒட்டி வாழ்ந்த ஹரிதத்தரின் நூலிலேயே இது பயின்றுவருகிறது.

மாணவி குறிப்பேட்டை எடுத்து, தமக்குப் பழகிய தமிழ் எழுத்திலேயே சொல்லை எழுதினார்: ஆ, யு, ரா, ரோ, க்கி, ய, சௌ, க்கி, யம். ஒவ்வொன்றின் கீழும் இலக்கத்தை இட்டார்: 0, 1, 2, 2, 1, 1, 6, 1, 1. திருப்பிப் படித்தார்: 11,61,12,210. இத்தகைய தொடர்களைக் கலிவாக்கியம் என்பர்; கலியுகத்தின் தொடக்க நாளிலிருந்து கழிந்த நாள்களின் தொகையை அவை சொல்லும். மாணவி அந்த எண்ணை ஆண்டாக மாற்றினார். ஏறத்தாழ 3,17,890 ஆண்டுகள் வந்தன. கலியுகம் பிறந்ததாக மரபு கணக்கிடும் காலம் கி.மு. 3102. எனவே மேல்புத்தூர் நாராயண பட்டதிரி தம் நூலை எழுதி முடிக்க இன்னும் மூன்று லட்சம் ஆண்டுகளுக்கு மேல் இருக்கின்றன.

மூதாட்டி வாய்விட்டுச் சிரித்தார். பிறகு ஒன்றே ஒன்று சொன்னார்: “எழுத்தை எண்ணாதே. சொல்லிண்டே எண்ணு.”

விடை தவறு என்பதை அறிய வானியல் தேவையில்லை. இலக்கங்களின் எண்ணிக்கையே போதும். கலி பிறந்து இன்றுவரை கழிந்த நாள்கள் ஏறத்தாழ 18.7 லட்சம். பத்து லட்சமாவது நாள் கி.மு. நான்காம் நூற்றாண்டில் வந்துபோயிற்று. இருபது லட்சமாவது நாள் வர 24ஆம் நூற்றாண்டு ஆகும். ஆகவே இடைப்பட்ட காலத்தில் எழுதப்பட்ட எந்த நூலின் கலிநாளும் ஏழு இலக்கம் கொண்டதாகவும், முதல் இலக்கம் 1 ஆகவும் இருந்தே தீர வேண்டும். எண் தலைகீழாக நிற்பதால் அந்த 1 சொல்லின் கடைசியில் வரும். அதாவது, கலிவாக்கியம் ஒன்றின் ஏழாம் எழுத்து க, ட, ப, ய என்னும் நான்கின் மதிப்பைத்தான் கொண்டிருக்க முடியும். அதன்பின் ஓர் எழுத்து மிகுந்தால் அது சுழி மதிப்புடையதாக இருக்கும். நீலகண்ட சோமயாஜியின் தந்திரசங்கிரகம் அப்படிப்பட்டது. அதன் தொடக்கத்திலும் முடிவிலும் உள்ள இறைவணக்கத் தொடர்கள் எட்டெட்டு எழுத்துகளால் ஆனவை. இரண்டும் நகரத்தில் முடிபவை. தொடக்கத்தின் எண் 1680548; முடிவின் எண் 1680553. இரண்டும் கி.பி. 1500இல் விழுகின்றன. அவை வெறும் வணக்கமல்ல, நூல் தொடங்கிய நாளும் முடிந்த நாளும் என்பதை உரைகாரர் சங்கர வாரியர் எடுத்துக்காட்டினார். இந்நூல் 1958இல் திருவனந்தபுரம் சமஸ்கிருத நூல்வரிசையில் அச்சேறியது.

மாணவி மறுபடி தொடங்கினார். இம்முறை எழுதாமல், சொல்லிக்கொண்டே. ஆ: தனியுயிர், சுழி. யு: ஒன்று. ரா: இரண்டு. ரோ: இரண்டு. அடுத்ததை ‘க்கிய’ என்று பிரிக்காமல் ஒரே அசையாகச் சொன்னால் உயிரேறிய மெய் யகரம்: ஒன்று. சௌ என்பதன் முதல் ஒலி ஸகரம்: ஏழு. கடைசிக் கூட்டெழுத்திலும் யகரமே எஞ்சும்: ஒன்று. ஏழு அசைகள், ஏழு இலக்கங்கள். கடைசியில் எதிர்பார்த்த 1. திருப்பினால் 1712210.

மீதி வகுத்தல்தான். ஆரியபட மரபின் ஆண்டளவான 365 நாளும் கால்நாளுக்குச் சற்று மிகுதியும் கொண்டு வகுத்தால், நிறைந்த ஆண்டுகள் 4687. மிச்சம் ஏறத்தாழ 242 நாள்கள். மேடம் முதல் துலாம் முடிய ஏழு மாதங்களைக் கழித்து, சூரியனின் மெய்யோட்டத்துக்குரிய சிறு திருத்தத்தையும் சேர்த்தால், கொல்லம் 762, விருச்சிகம் 28. ஆங்கிலக் கணக்கில் 1586. கேரளத்தில் இன்றும் விருச்சிகம் 28 நாராயணீய தினமாகக் கொண்டாடப்படுகிறது. நோயுற்ற புலவர் குருவாயூரில் நூறு தசகங்களைப் பாடி முடித்து, உலகுக்கு வேண்டிய நீள்வாழ்வும் நலமும் இன்பமுமே முடித்த நாளின் எண்ணாகவும் நிற்கின்றன. அந்தப் புலவர் பிரக்ரியாசர்வஸ்வம் என்ற இலக்கண நூலையும் செய்தவர். ஒலியை அளந்து வைக்க அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

விடை கிடைத்தபின் மாணவியை வருத்தியது தவறான விடையன்று, தவறின் காரணம். தமிழ் எழுத்தில் எழுதியதனால் இரண்டு பிழைகள் நேர்ந்திருந்தன. ஒன்று, சகரம் ஒன்றே பல ஒலிகளுக்குப் பொதுவாக நிற்பதால் ஏழு ஆறாயிற்று. மற்றொன்று, தமிழ் கூட்டெழுத்தைப் பிளந்து இடையில் இகரத்தைச் செருகியதால் ஏழு அசை ஒன்பதாயிற்று. இரண்டாவது, எழுதியவரின் கவனக்குறைவு அன்று. வடசொல்லில் மெய்யை அடுத்து ய, ர, ல வந்தால் இடையே இகரமும், ம, வ வந்தால் உகரமும் தோன்றும் என்று நன்னூல் விதித்திருக்கிறது. தமிழின் அசையமைப்பு கேட்பதை இலக்கணம் ஏற்றுக்கொண்டது. மாணவி தம் ஆய்வேட்டின் ஓர் இயலுக்காக, தமிழ் வரிவடிவில் எழுதப்பட்ட கலிவாக்கியங்களை எண்ணாக மாற்றும் அட்டவணை ஒன்றைச் செய்து வைத்திருந்தார். அந்த அட்டவணையின்படி கணக்கிட்டால் ஒவ்வொரு நூலும் சில லட்சம் ஆண்டுகளுக்குப் பின்னரே எழுதப்படும். ஆறுமாத உழைப்பு அன்று மாலையே கழிந்தது.

கடபயாதி கலிவாக்கியத்தோடு நின்றுவிடவில்லை என்பது இசை கற்பவர் அனைவருக்கும் தெரியும். தஞ்சையில் 17ஆம் நூற்றாண்டில் வேங்கடமகி வகுத்த 72 மேளங்களுக்குப் பின்வந்தோர் எண்ணைத் தாங்கிய பெயர்களை இட்டனர். பெயரின் முதலிரண்டு அசைகளை எண்ணாக்கித் திருப்பினால் மேளத்தின் வரிசை எண். பழைய பெயர் எண்ணுக்கு இணங்காதபோது முன்னொட்டைச் சேர்த்தனர்: சங்கராபரணம் தீரசங்கராபரணம் ஆயிற்று, எண் 29, கல்யாணி மேசகல்யாணி ஆயிற்று, எண் 65. திருவனந்தபுரம் கோட்டைக்குள் உள்ள நவராத்திரி மண்டபத்தில் சுவாதித் திருநாளின் கீர்த்தனைகளைப் பாடும்போது முதல் நாள் சங்கராபரணம், இரண்டாம் நாள் கல்யாணி. இரண்டு எண்களுக்கும் இடையே 36. முதல் 36 மேளங்களில் சுத்த மத்தியமம். அடுத்த 36இல் பிரதி மத்தியமம். முதல் நாளுக்கும் இரண்டாம் நாளுக்கும் இடையே மாறுவது அந்த ஒரு சுரம் மட்டுமே என்பதை இலக்கங்களே சொல்லிவிடும்.

இப்போது மூன்று பெயர்களைப் பார்க்கலாம்: கீரவாணி, கரகரப்பிரியா, கௌரிமனோகரி. தமிழில் மூன்றும் ககரத்தில் தொடங்குகின்றன. மூன்றிலும் இரண்டாவது ரகரம். எழுத்தை மட்டும் எண்ணினால் மூன்றும் 21. மெய்யில் கீரவாணியின் ககரம் வர்க்கத்தின் முதல் ஒலி, ஆகவே 21. கரகரப்பிரியாவின் முதல் ககரம் மூச்சோடு கூடிய இரண்டாம் ஒலி, ஆகவே 22. கௌரியின் ககரம் மூன்றாம் ஒலி, ஆகவே 23. மூன்றும் ஒரே சக்கரத்தில் அடுத்தடுத்து நிற்பவை. சதுச்ருதி ரிஷபமும் சாதாரண காந்தாரமும் சுத்த மத்தியமமும் மூன்றுக்கும் பொது. பிரிவது மேற்பாதியில் மட்டும். கீரவாணியில் சுத்த தைவதமும் காகலி நிஷாதமும்; கரகரப்பிரியாவில் சதுச்ருதி தைவதமும் கைசிகி நிஷாதமும்; கௌரிமனோகரியில் சதுச்ருதி தைவதமும் காகலி நிஷாதமும். தமிழ் எழுத்து ஒன்றாக்கிய மூன்று ககரங்களுக்குள் இத்தனை சுரங்கள் அடங்கியிருக்கின்றன.

இங்கே வழக்கமான இரண்டு குரல்கள் எழும். தமிழ் எழுத்து குறையுடையது என்பது ஒரு குரல். தமிழுக்கு இந்த ஒலிகளே வேண்டாம் என்பது மறு குரல். மாணவி இரண்டையும் கருத்தரங்குகளில் பலமுறை கேட்டவர். கடல், அகம், தங்கம் ஆகிய சொற்களில் ககரம் மூவிதமாக ஒலிக்கிறது. ஆனால் எங்கே எப்படி ஒலிக்கும் என்பதை அதன் இடமே தீர்மானிக்கிறது. பொருளை வேறுபடுத்தாத ஒலிக்குத் தனி எழுத்து வைக்காதது சிக்கனமே தவிரக் குறையன்று. அதே வேளையில், அந்த வேறுபாட்டையே இலக்கமாக்கிய ஒரு முறையைத் தமிழர் நூற்றாண்டுகளாகக் கையாண்டிருக்கிறார்கள் என்பதும் உண்மை. அப்படியானால் எழுத்தில் இல்லாத இலக்கத்தை அவர்கள் எங்கே வைத்திருந்தார்கள் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

ஒரு விடை அச்சுப் புத்தகங்களில் இருக்கிறது. தமிழில் கீர்த்தனைகளை அச்சிட்டவர்கள் எழுத்தின் தோளில் சிறிய எண்ணை ஏற்றினர்: க, க², க³, க⁴. இந்த ஏற்பாட்டில் ஓர் அழகு ஒளிந்திருப்பதை மாணவி கண்டார். கவர்க்கம், டவர்க்கம், பவர்க்கம் மூன்றிலும் தோளில் உள்ள எண்ணே கடபயாதி இலக்கம். சவர்க்கத்திலும் தவர்க்கத்திலும் அதனோடு ஐந்தைக் கூட்டினால் போதும். தீரசங்கராபரணத்தின் தகரம் த⁴, நான்கும் ஐந்தும் ஒன்பது, ரகரம் இரண்டு, ஆகவே 29. உச்சரிப்பைக் காட்ட இட்ட குறி, கணக்கையும் காட்டிக்கொண்டிருக்கிறது.

இரண்டாவது விடை மூதாட்டியின் அலமாரியில் இருந்தது. அவருடைய தந்தை எழுதிய பாட்டு நோட்டு. வரிகள் தமிழில் ஓடுகின்றன. தமிழில் இல்லாத ஒலி வந்ததும் அந்த ஓர் எழுத்து மட்டும் மலையாளத்தில் இருக்கிறது. மலையாள எழுத்து கிரந்தத்தின் வழிவந்தது. கிரந்தம் தமிழர் வடமொழியை எழுதக் கையாண்ட எழுத்து. ஆகவே கரமனையில் தமிழ் பேசி வாழ்ந்த ஒருவர் அந்த எழுத்தை எடுத்துக்கொண்டது கடன் வாங்கியதாகாது. பக்கங்கள் பழுப்பேறி, மடிப்புகளில் பிரிந்திருக்கின்றன. மூதாட்டியிடம் இப்போது கற்கும் பிள்ளைகளில் சிலருக்குத் தமிழ் படிக்க வராது, சிலருக்கு மலையாளம் வராது. இரண்டும் கலந்த ஒரு வரியைத் தடையின்றிப் படிப்பவர் வீட்டில் அவர் ஒருவரே.

மூன்றாவது விடை எழுத்தே இல்லாதது. 1825இல் சென்னையில் வெளிவந்த காலசங்கலிதம் என்ற நூலில் ஜான் வாரன், புதுச்சேரியில் தாம் கண்ட தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவரைப் பற்றி எழுதியிருக்கிறார். அவர் ஏட்டைப் புரட்டவில்லை. தரையில் சோழிகளைப் பரப்பி, நகர்த்தி, மனப்பாடமான சொற்களிலிருந்து எண்களை எடுத்துச் சந்திர கிரகணத்தைக் கணித்தார். வாக்கியப் பஞ்சாங்கம் என்ற பெயரில் உள்ள வாக்கியமும் இத்தகைய மனப்பாடச் சொற்றொடரே. வரருசியின் பெயரால் வழங்கும் 248 வாக்கியங்கள் 248 நாள்களுக்குச் சந்திரன் நிற்கும் இடத்தைச் சொல்லும். மலையாளத்துப் பரல்பேர் என்ற சொல்லில் உள்ள பரலும் கணிக்கும் சோழிதான். தமிழில் பரல் என்றால் சிறுகல், சிலம்புக்குள் இடும் மணி. பாண்டியன் அவையில் கண்ணகி சிலம்பை உடைத்தபோது வழக்கைத் தீர்த்தது வெளியே தெரிந்த வளையமன்று, உள்ளே ஒலித்த பரல்.

அந்த ஒலியும் தானாக நிலைப்பதில்லை. மூதாட்டி கரகரப்பிரியா என்று சொல்லச் சொன்னபோது நாஞ்சில்நாட்டு நாவில் அது கீரவாணியின் ககரமாகவே வந்தது. “இருபத்தொண்ணுல நிக்கறே, இன்னும் ஒரு படி ஏறு” என்றார் மூதாட்டி. மாணவி அதன்பின் பல வாரங்கள் அந்த ஓர் ஒலிக்காக மூச்சைப் பழக்கினார்.

ஆனால் கதை ஒருபக்கமாக முடியவில்லை. ஒரு சனிக்கிழமை சக்ரவாகத்துக்கு வந்தபோது விதியே இடறியது. கூட்டெழுத்தில் கடைசி மெய்யே கணக்கு என்றால் ச ஆறு, க்ர என்பதில் ரகரம் இரண்டு, திருப்பினால் 26. ஆனால் சக்ரவாகம் 16ஆவது மேளம்; 26 சாருகேசி. சித்ராம்பரியும் இதே விதிப்படி 26 ஆகிவிடும். அதன் உண்மையான எண் 66. இவற்றை விதிவிலக்கு என்று சொல்லி, இங்கே மட்டும் கூட்டெழுத்தின் முதல் மெய்யைக் கொள்ள வேண்டும் என்று கற்பிப்பது வழக்கம். மாணவி அவற்றைத் தமிழ் வழக்கில் எழுதிப் பார்த்தார். சக்கிரவாகம்: ச ஆறு, க்கி ஒன்று, 16. சித்திராம்பரி: சி ஆறு, த்தி ஆறு, 66. எந்த இகரம் நாராயணீயத்தை மூன்று லட்சம் ஆண்டுகள் தள்ளிப்போட்டதோ, அதே இகரம் இங்கே முதல் மெய்யைத் தனி அசையாக்கிச் சரியான எண்ணைத் தந்தது.

இதைக் கொண்டு மேளப்பெயர்களை இட்டவர்கள் தமிழ் ஒலிப்பை மனத்தில் கொண்டார்கள் என்று முடிவு கட்ட மாணவி துணியவில்லை. எதிர்ச்சான்று கையெட்டும் தூரத்திலேயே இருந்தது. ரத்னாங்கி விதிப்படியே 2. தமிழில் ரத்தினாங்கி என்று பிளந்தால் 62 ஆகி, ரிஷபப்பிரியாவின் இடத்தில் போய் நிற்கும். மொழிமுதல் ரகரத்துக்கு முன் உயிர் சேர்க்கும் நன்னூல் வழியில் இரத்தினாங்கி என்று எழுதினால் 20 ஆகி, நடபைரவியாகிவிடும். தமிழ் ஒலிப்பு சில இடங்களில் எண்ணைக் காக்கிறது, சில இடங்களில் கெடுக்கிறது. எங்கே எது நிகழ்கிறது என்பதைத் தனித்தனியே பார்த்துத்தான் சொல்ல வேண்டும். கழித்துப் போட்ட அட்டவணையின் இடத்தில் இப்போது அந்த இயல் இந்தக் கேள்வியோடு தொடங்குகிறது. நோட்டின் பக்கங்களையும் மாணவி படியெடுத்து வருகிறார், மலையாள எழுத்து நின்ற இடத்தில் அதே எழுத்தை இட்டு.

சென்ற சனிக்கிழமை புறப்படும்போது மூதாட்டி வாசலில் நிறுத்தி இன்னொரு கணக்குச் சொன்னார். பாவனி, பவப்பிரியா: தமிழில் இரண்டும் பகரமும் வகரமும். ஒன்று 41, மற்றொன்று 44. எது எந்த எண்?

மாணவி பையைத் திறந்து குறிப்பேட்டைத் தேடவில்லை. இரண்டு பெயர்களையும் மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டே பேருந்து நிறுத்தம் நோக்கி நடந்தார்.